பதினொரு பெருவிரல்

என் மகள், என் மோள் சுலோசனாவுக்கு, உன் அச்சன் கொச்சுகுஞ்சு சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு ஓமனா டீச்சர் எழுதுவது. அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். எனக்கு இங்கே இருமலும் இடது முட்டியும் தவிர வேறு எதிரி இல்லை. இல்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், ஒருவன் இருக்கிறான், அவனைப் பற்றிச் சொல்லத்தான் டீச்சரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்பாய். போனில் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் இருமுவேன், விஷயம் நடுவழியில் நின்றுவிடும். அதுவுமல்லாமல் இந்தக் கடிதத்தின் அடியில் வைக்கவேண்டிய ஒன்று இருக்கிறது, அதைப் போனில் வைக்க முடியாது. ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே, ஓய்வுநாளில் உட்கார்ந்து படி.

பெருமண் பாலத்திலிருந்து ரயில் காயலில் விழுந்ததே, அந்த வருஷம். விசைப்படகுகள் மழைக்காலத்தில் கடலுக்குப் போகக்கூடாது என்று அரசாங்கம் முதல்முறை தடுத்ததும் அதே மழையில்தான், அதனால் நீண்டகரைத் துறைமுகத்தில் கரையேறிக் கிடந்த படகுகளுக்கு எண்ணெய் பூச எனக்கு இரண்டு கை போதவில்லை. ரயில் விழுந்த பன்னிரண்டாம் நாள் நீ பிறந்தாய். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்து வந்தவள் நீ. அம்பத்தாறு நாள்தான் உன் அம்மா உன்னோடு வீட்டில் இருந்தாள், ஓணம் முடிந்ததும் தாமோதரன் முதலாளியின் முந்திரி ஆலைக்கு, அந்த அண்டி ஆபீசுக்கு, கொட்டை உடைக்கப் போய்விட்டாள். அங்கே வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி உடைக்கும்போது தோட்டிலிருந்து ஒரு கறுப்பு எண்ணெய், நான் வள்ளத்துக்குப் பூசுகிற அதே எண்ணெய், கசியும், அது பட்ட இடம் வெந்துபோகும் என்பது உனக்குத் தெரியும். அதற்காகப் பெண்கள் பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அடுப்புச் சாம்பல் வைத்துக்கொண்டு பத்துக் கொட்டைக்கு ஒருதரம் கையை அதில் புரட்டுவார்கள், அவர்களுக்குக் கையுறையும் அதுதான் சோப்பும் அதுதான். அந்த வருஷம் கப்பலில் போன ஒரு லோடு பருப்பு, சாம்பல் நிறம் ஏறியிருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. மறுநாளே முதலாளி ஷெட்டுக்குள் வந்து சிரட்டைகளைக் காலால் தட்டிவிட்டு, "இனிமே எவ கையிலயாவது சாம்பலைப் பாத்தேன், அவ வீட்டு அடுப்புல சாம்பல்தான் மிஞ்சும்" என்று சொல்லிவிட்டுப் போனான். மூன்று வாரத்தில் உன் அம்மாவின் உள்ளங்கையில் தோலே இல்லை. உன்னைத் தூக்க முடியாது, தொட முடியாது, நீ அழுதால் இரண்டு முழங்கையையும் சேர்த்துப் பிடித்து உன்னை அணைக்கப் பார்ப்பாள், நீ நழுவுவாய். நான்தான் என் எண்ணெய்க் கையில் துணி சுற்றிக்கொண்டு உன்னை அவள் மார்பில் பிடித்திருப்பேன், நீ குடித்து முடிக்கும்வரை அவள் இரண்டு கையையும் காற்றில் தூக்கி வைத்திருப்பாள், பிடிபட்ட கள்ளி மாதிரி. அதை நான் மறக்கவில்லை, மறப்பதற்கு முயற்சி செய்யவும் இல்லை.

உன் அம்மாவும் இன்னும் பத்துப் பேரும் சேர்ந்து மனு எழுத வைத்தார்கள். எழுதத் தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள், ஆனால் பேனா பிடிக்கக் கை இல்லை, ஆகையால் பதினொரு பேரும் பெருவிரல்தான் வைத்தார்கள். விசாரிக்க லேபர் ஆபீசர் ஒருவன் வந்தான். முதலாளி அந்தக் காகிதத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, "சார், இதுல ரேகை எங்க இருக்கு? கரித்துணியால ஒத்தி எடுத்த மாதிரி இருக்கு. எந்தக் கழுதை வேணும்னாலும் இப்படிக் குளம்பு வெக்கும். இந்தக் கை யாருதுன்னு எனக்குத் தெரியாது" என்றான். நான் வாசலில் நின்று கேட்டேன். ரேகையைத் தின்றவனே ரேகை எங்கே என்று கேட்கிறான். ஆபீசர் ஒரு சிரிப்புச் சிரித்து, டீயைக் குடித்துவிட்டு, காகிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். அம்மாவுக்கு அந்த ரேகை பிறகு வரவே இல்லை. சாகிறவரைக்கும் ரேஷன் கடை மெஷின் அவள் விரலை ஏற்கவில்லை, அவளுக்குப் பதிலாக நான் போய் விரல் வைத்தது உனக்கு நினைவிருக்கும்.

இனி இந்த வருஷத்துக் கதை. தாமோதரன் முதலாளியின் மகன் வயிற்றுப் பேத்தி மாளவிகா என்று ஒருத்தி, படம் வரைகிறவள், வெளியூரிலெல்லாம் அவள் படங்களைச் சுவரில் மாட்டிப் பார்க்கிறார்களாம். துலா மாச மழையில் என்னைத் தேடி வந்தாள். முந்திரித் தோட்டு எண்ணெயை எப்படிப் பூசுவது, வள்ளத்துக்குப் பூசினவர்களில் நீங்கள்தான் மிச்சம் என்று சொன்னார்கள் என்றாள். அவள் தன் தாத்தாவையும் அப்பூப்பா என்றுதான் கூப்பிடுகிறாள், என்னையும் அப்படியே கூப்பிட்டாள், எனக்கு அது காதில் குத்தியது. யார் வீட்டுப் பெண் என்று தெரிந்தும் நான் பொய் சொல்லிக் கொடுக்கவில்லை மோளே, தொழிலில் பொய் சொன்னால் கடல் கேட்கும். எண்ணெயை நுரை அடங்குகிறவரை காய்ச்சு, மெல்லிசாக ஒரு கை பூசு, வெயிலில் நாலு நாள் விடு, அதன்மேல் அடுத்த கை, இப்படி ஏழு கை என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். மொத்தமாக அப்பினால் பாலில் படிகிற மாதிரி மேலே ஆடை கட்டிவிடும், உள்ளே ஆறு மாசமானாலும் பச்சையாகவே இருக்கும் என்றும் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

நாலு மாசம் கழித்து, கும்ப மாச வெயிலில், அவளே கார் கொண்டுவந்து என்னை அண்டி ஆபீசுக்கு அழைத்துப்போனாள். ஆபீஸ் பூட்டி எத்தனையோ வருஷமாயிற்று, உடைக்கிற ஷெட்டைக் கூட்டிக் கழுவி அதிலேயே படங்களை வைத்திருந்தாள். உள்ளே போனதும் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் கண்டுபிடித்தது, அதே எண்ணெய். சுவர் நெடுக ஆள் உயரத்துக்கும் மேலே பதினொரு பலகை, எல்லாம் கறுப்பு. முதலில் எனக்கு வள்ளத்தின் அடிப்பக்கத்தை நிமிர்த்தி வைத்த மாதிரிதான் பட்டது. எண்ணெயோடு இடித்த தோடும் புகைக்கூண்டுக் கரியும் கோணிச் சாக்கும் குழைத்து, ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருக்கிறாள். மேடும் பள்ளமும், சில இடத்தில் வெயிலில் வெடித்த சேறு மாதிரி, சில இடத்தில் பொள்ளிச் சுருங்கின தோல் மாதிரி. பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை, கறுப்புதான், ஆனால் அந்தக் கறுப்புக்குள் கறுப்பு போய்க்கொண்டே இருக்கிறது. "இதுக்கா மோளே என்னைக் காரில் ஏத்திக் கூட்டிட்டு வந்தே, எங்க வீட்டு அடுப்பங்கரைச் சுவர் இதைவிட நல்லா இருக்கும்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு, "பின்னால நடந்து பாருங்க அப்பூப்பா" என்றாள். பின்னால் நடந்தேன், பத்தடி, இருபதடி, எதிர்ச்சுவரில் முதுகு இடித்தது. அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றும் ஒரு பெருவிரல். ரேகை இல்லாத பெருவிரல். தாத்தாவின் இரும்புப்பெட்டியில் அந்த மனு அப்படியே இருந்ததாம், அதைப் பார்த்து வரைந்திருக்கிறாள். பத்தாவது பலகை இடதுபக்கமாகச் சரிந்திருந்தது. நுனியெல்லாம் வெந்துபோயிருந்ததால் விரலின் பக்கவாட்டைச் சரித்து வைத்தவள் உன் அம்மா ஒருத்திதான். மோளே, ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் சிதையேற்றிய உன் அம்மாவின் விரலை என் உயரத்துக்கும் மேலே நிற்க வைத்துப் பார்த்தேன். இருமல் வந்தது போல் பாவனை செய்துகொண்டு வெளியே போய் நின்றேன்.

திரும்பி வந்து முதல் பலகையின் கீழ் ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்தினேன், அது கைப்பழக்கம். மேலே ஆடை, உள்ளே பச்சை. காய்ச்சவும் இல்லை, சூடு காட்டியிருக்கிறாள், அவ்வளவுதான், நெடி சொன்னது. "பலகை வந்துசேரவே நாளாயிடுச்சு, ஏழு கைக்கு நேரம் இல்ல அப்பூப்பா, தேதி குறிச்சாச்சு" என்றவள், நான் நகத்தைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "காஞ்சிடுச்சா?" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே, "நாளைக்குக் காலையில எங்க அப்பூப்பாதான் தொடங்கி வைக்கிறார், விளக்கு எதுவும் ஏத்தலை, முதல் படத்துல அவர் கையை வைக்கப்போறார், அந்தச் சேச்சிமாருக்கு மரியாதையா" என்றாள். மரியாதை! நான் அவள் முகத்தைப் பார்த்தேன், கள்ளமில்லாமல் கேட்கிறாள். "மேல நல்லாக் காஞ்சிருக்கு மோளே" என்றேன். அதோடு விட்டேனா, இல்லை. "சும்மா தொட்டா மரியாதை ஆகாது, நல்லா அழுத்தி வைக்கணும். பதினொரு பேர் பேரையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் கையை எடுக்கக்கூடாது. பேரெல்லாம் எனக்கு மனப்பாடம், நானே சொல்றேன். அப்புறம் கயிறு கட்டிடு, அவர் வெச்ச இடத்துல வேற யாரும் கை வைக்கக்கூடாது" என்றேன். ஊரார் கை வேகவேண்டும் என்று எனக்கு வழக்கு இல்லை, ஒரு கை போதும். அவள் கண் கலங்கி என் கையைப் பிடித்தாள். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். உறை போடாமல் வெறுங்கையால் அப்பியிருக்கிறாள், விரலிடுக்கெல்லாம் பொள்ளி நீர் கோத்து நிற்கிறது, யாரிடமும் காட்டாமல் துப்பட்டாவில் மறைத்திருக்கிறாள். "அவங்க கை எப்படி இருந்துச்சுன்னு தெரியாம எப்படி வரையறது" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. உன் அம்மா கை வெந்தது தெரிந்துகொள்வதற்காக அல்ல. ஆனாலும் எண்ணெய் பூசின காலத்துப் பழக்கமாக வேட்டி மடியில் எப்போதும் இருக்கிற சாம்பல் பொட்டலத்தைப் பிரித்து, இனி தொடும்போதெல்லாம் இதில் புரட்டிக்கொள் என்று பாதியைக் கொடுத்தேன். மீதிப் பாதியை மடித்து மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "சேட்டா, தெரிஞ்சே செஞ்சதா இது? இதை நான் எழுதணுமா?" என்கிறாள். எழுது, அவளுக்குத் தெரியட்டும், அவள் அப்பன் நல்லவன் என்று அங்கே யாரிடமாவது சொல்லிவிடப்போகிறாள் என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நல்ல கூட்டம், படம் எடுக்கிறவர்கள் ஒரு பக்கம், வேட்டி மடிப்புக் கலையாதவர்கள் ஒரு பக்கம். பதினொரு பேரில் பத்துப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், உயிரோடு இருக்கிற பங்கிச் சேச்சியைக் கூப்பிட்டதற்கு, "அந்த ஷெட்டுக்குள்ள என் பொணத்தைக்கூடக் கொண்டுபோகாதீங்க" என்று சொல்லிவிட்டாளாம். முதலாளியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எண்பத்தேழு வயசு, கை மட்டும் சின்னக் குழந்தை கை மாதிரி வெளுத்து மெத்தென்று இருக்கிறது. என்னை அடையாளம் தெரியவில்லை. நாற்காலியைப் பலகைக்கு நெருக்கி நிறுத்தினார்கள், மாளவிகா அவன் வலது கையைப் பிடித்து வைத்தாள், "அழுத்துங்க அப்பூப்பா" என்றாள், அவன் அழுத்தினான். ஆடை விலகி விரல் உள்ளே இறங்கியது எனக்குத் தெரிந்தது. நான் தொடங்கினேன். கார்த்தியாயனி. சுபத்ரா. லீலாம்மா. நபீசா. ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் மூச்சு வாங்கினேன், எண்பது வயசுக்காரன் மூச்சு வாங்கினால் யார் கேட்பார்கள். குட்டியம்மா. ரோஸிலி. ரோஸிலிக்குப் பிறகு ஒருதரம் இருமினேன், அது நிஜ இருமல்தான். சாவித்திரி. சரசம்மா. பொன்னம்மா. பத்தாவதாக உன் அம்மா பெயரைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தேன், ஒரு சலனமும் இல்லை, கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாகப் பங்கஜாக்ஷி என்று பங்கிச் சேச்சியின் முழுப்பெயரையும் சொல்லி முடித்தேன். கையை எடுத்தபோது மணிக்கட்டுவரை கறுப்பு. எல்லாரும் கைதட்டினார்கள். கைக்குட்டையால் துடைத்தார்கள், சோப்பு கொண்டுவந்தார்கள், அவன் இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்தான், கறுப்பு இடது கைக்கும் ஏறியதே தவிரப் போகவில்லை. அந்த நிமிஷம் சாம்பலைக் கொட்டித் தேய்த்திருந்தால் முக்கால்வாசி இழுத்திருக்கும். சாம்பல் என் மடியில் இருந்தது. நான் மடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன், அவனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாளவிகா வந்தாள். நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். "அப்பூப்பா ரெண்டு கையும் வீங்கி வெடிச்சிருக்கு, டாக்டர் கட்டுப் போட்டார், வலி தாங்காம கட்டைப் பிரிச்சுப் பிரிச்சுப் போடறார்" என்று சொல்லிவிட்டு, "உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள். தெரியும் என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவர் ராப்பகலா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறார். சாம்பல் கொண்டா, சாம்பல் கொண்டாங்கறார். வீட்டுல எல்லாம் கேஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்க போறது" என்றாள். மோளே, அந்த ஒரு சொல்லுக்காக முப்பத்தாறு வருஷம் உயிரோடு இருந்தேன் என்று வைத்துக்கொள். வெந்த பிறகு சாம்பலால் ஒரு பிரயோசனமும் இல்லை, அது அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவனுக்கு அன்று நேரம் இருந்ததில்லை. "சாம்பல் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. என் கை வேகலை. வெந்தவங்கள்ல ஒருத்தி இருக்கா, அவகிட்ட அவனே வந்து கேக்கட்டும்" என்றேன்.

வருவான் என்று நான் நினைக்கவில்லை, வலி கொண்டுவந்துவிட்டது. பெரிநாட்டில் பங்கிச் சேச்சியின் வீட்டில் நான் முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தேன், முற்றத்துக்குள் கார் நுழையவில்லை, நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். சேச்சிக்கு ஒரு காது போய்விட்டது, நாக்கு போகவில்லை. "வா முதலாளி. அன்னைக்கு நாங்க பதினொரு பேர் உன் வாசல்ல நின்னோம், நீ உக்காருன்னு சொல்லலை. நீ வரும்போதே நாற்காலியோட வந்துட்டே, நல்லதாப் போச்சு" என்றாள். அவன், "எரியுது பங்கி" என்றான். "கையை நீட்டு" என்றாள். நீட்டினான். தோல் உரிந்து, கறுத்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. அவள் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பெருவிரலை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, "ரேகை ஒண்ணும் இல்லையே. இந்தக் கை யாருதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அன்னைக்கு லோடு திரும்பி வந்துடுச்சு பங்கி, நான் என்ன பண்றது" என்றான். முப்பத்தாறு வருஷம் கழித்தும், கை வெந்தும், அவன் வாயில் லோடுதான் வந்தது. சேச்சி அடுப்படிக்குப் போய் ஒரு சிரட்டை நிறையச் சாம்பல் அள்ளிக்கொண்டு வந்து அவன் மடியில் வைத்தாள். "கேட்டேல்ல, எடுத்துக்கோ." அவன் விரலை மடக்கப் பார்த்தான், மடங்கவில்லை. இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துச் சிரட்டையைத் தூக்கப் பார்த்தான், சரிந்தது, சாம்பல் வேட்டியெல்லாம் கொட்டியது. மாளவிகா குனிந்தாள், "நீ தொடாதே மோளே" என்றாள் சேச்சி. முழங்கையால் அணைக்கப் பார்த்தான், சுலோசனா. உன் அம்மா உன்னை அணைக்கப் பார்த்த அதே மாதிரி. நான் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன், என் வயிறு குளிர்ந்தது. பாவம் என்று தோன்றியது என்று சொன்னால் டீச்சருக்கு நிம்மதியாக இருக்கும், தோன்றவில்லை. மூன்று வாரத்தில் அவனுக்குத் தோல் வந்துவிடும், ஒருவேளை ரேகையும் வந்துவிடும். எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை அதுதான்.

சரி, இனி உன் சங்கதி. நாள் முழுக்கக் கையை மருந்துத் தண்ணீரில் கழுவிக் கழுவி வெடிப்பு விட்டிருக்கிறது என்று போனவாரம் சொன்னாய், படுக்கும்போது தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொள், தோல் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கிணற்றுக்கு வலை போட்டாயிற்று, நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை நான் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனால் கரடி வந்துவிட்டது என்கிறார்கள். மாளவிகா பத்தாவது பலகையை நன்றாகக் காயவைத்து உனக்குத் தருகிறாளாம், ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள், சொன்னபடி ஏழு கை பூசச் சொல்லியிருக்கிறேன், நானே பக்கத்தில் நிற்பேன். குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளையிடம் அதிகம் வாயாடாதே. எல்லாத் தெய்வமும் உங்கள் கூடவே இருக்கட்டும், நீங்கள் தொட்டது துலங்கட்டும். இதைக் கிழித்துப் போடாதே, உன் மகள் பெரியவளானதும் கொடு.

கீழே இருப்பது என் பெருவிரல். ரேகை எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறதா பார். அதற்குப் பக்கத்தில் ரேகை இல்லாமல் ஒரு கறுப்பு இருக்கிறதே, அது டீச்சரின் மை சிந்தியது அல்ல. நான் சொன்னது எல்லாம் நடந்ததுதான் என்பதற்குச் சாட்சியாக வைத்த பெருவிரல் அது. பதினொரு பேரில் இன்னும் உயிரோடு இருக்கிறவள், பங்கஜாக்ஷி.